நூலும் நாடுவோரும்: மர்வு முதல் சேப்பாக்கம் வரை

கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழியாக விரிந்து வங்கக் கடலைச் சேரும் இடத்தில் முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அதற்குத் தெற்கே திருவொற்றியூரும் இராயபுரமும் சென்னைத் துறைமுகமும் அமைந்துள்ளன. வடக்கே கழியையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டிச் சென்றால் பழவேற்காடு வரும். அனல் மின்நிலையச் சாம்பலாலும், 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் நேர்ந்த எண்ணெய்க் கசிவுகளாலும் நாளேடுகளில் பேசப்பட்ட கரை இது.

இக்கரையிலிருந்து ஒரு மாணவர் முதுகலை முடித்து ஆய்வு செய்யப் புறப்படுகின்றார் எனக் கொள்வோம். சோழமண்டலக் கரையில் அரபு வணிகர் வந்து சென்ற வரலாறும், அதன் பயனாய் விளைந்த அரபுத்தமிழ் இலக்கியமும் அவர் எடுத்துக்கொண்ட பொருள். அவருக்குத் தேவையான சான்றுகளுள் ஒரு பகுதி வடக்கே பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களின் பெட்டிகளில் இருக்கலாம். மற்றொரு பகுதி தெற்கே சேப்பாக்கத்திலும் கோட்டூர்புரத்திலும் எழும்பூரிலும் இருக்கலாம். இவற்றை அவர் எவ்வாறு அறிவார்? அறிந்தாலும் எவ்வாறு அடைவார்? நூலகத்தின் வரலாறு என்பது இவ்விரு வினாக்களுக்கும் மனிதர் கண்ட விடைகளின் வரலாறே என்பது நமது கருத்து.

ஈடு கேளாத நூலகங்கள்

யாகூத் அல்ஹமவி (ரஹ்) அவர்களை நம் மாணவர்கள் ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் புவியியல் அகராதியின் ஆசிரியராக அறிவர். சிறுவயதில் அடிமையாகப் பக்தாதுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் விடுதலை பெற்று, நூல்களைப் படியெடுத்தும் விற்றும் வாழ்ந்தவர் அவர். தமக்கெனச் செல்வமோ குடிப்பெருமையோ இல்லாத அவர், மத்திய ஆசியாவின் மர்வு நகரில் சுமார் 3 ஆண்டுகள் தங்கினார். அந்நகரில் அப்போது வக்ஃபாக விடப்பட்ட 10 நூலகங்கள் இருந்தன என்றும், அவற்றுள் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 தொகுதிகள் இருந்தன என்றும் அவரே குறித்துள்ளார். எந்நேரமும் 200 தொகுதிகள் தம் இல்லத்தில் இருந்தன என்றும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் கேட்கப்படவில்லை என்றும் அவர் நன்றியோடு நினைவுகூர்கின்றார்.

ஹிஜ்ரி 616இல் (கி.பி. 1219) மங்கோலியரின் வருகையை அஞ்சி அவர் மர்வைவிட்டு வெளியேறினார். 1221இல் அந்நகர் அழிக்கப்பட்டது. அந்த நூலகங்களில் ஒரு சுவர்கூட இன்று நமக்குப் பயன் தரவில்லை. ஆனால் ஓர் ஏழை ஆய்வாளரை நம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய நூல்களின் பயன் ‘முஃஜமுல் புல்தான்’ வழியாக இன்றும் நிற்கின்றது. பூட்டி வைத்தவை எரிந்தன. படிக்கக் கொடுத்தவை நிலைத்தன என்றே கூறத் தோன்றுகின்றது.

கொடுப்பதற்கு முன் இருப்பதை அறிய வேண்டும். அப்பணியைச் செய்தவர் பக்தாதின் நூல் வணிகரான இப்னுன் நதீம் அவர்கள். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) அவர் தொகுத்த ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’, அன்று அரபு மொழியில் கிடைத்த நூல்களைத் துறைவாரியாக 10 பகுதிகளில் பட்டியலிட்டது. அதில் பெயர் காணப்படும் நூல்கள் பல பின்னர் முற்றிலும் மறைந்துவிட்டன. அவை இருந்தன என்பதையே அப்பட்டியலால்தான் நாம் அறிகின்றோம். பட்டியலை எழுத்தர் வேலை என எளிதாக எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

சேப்பாக்கத்தில் ஒரு கணிதப் பேராசிரியர்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. ஆயினும் அதன் நூலகம் உண்மையில் நூலகமாக மலர்ந்தது 1924இல் சீர்காழியைச் சேர்ந்த எஸ்.ஆர். அரங்கநாதன் அவர்கள் அதன் நூலகராகப் பொறுப்பேற்ற பின்னரே எனலாம். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், இலண்டன் சென்று நூலகவியல் பயின்று 1925இல் திரும்பினார். வாசகர் தாமே அலமாரி வரை சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். 1933இல் தமது கோலன் பகுப்பு முறையை உலகுக்கு அளித்தார். கடற்கரையை நோக்கிய புதிய நூலகக் கட்டடம் 1936இல் எழுந்தது.

நூல் பயன்பாட்டுக்கே உரியது என்பதும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவ்விதிகளின் சாரத்துள் அடங்கும். இவை வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. 1931இலேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லும் நூலகம் அவர் முன்னிலையில் தொடங்கப்பெற்றது. அந்நாளில் மாட்டு வண்டியும் ஒரு நூலகத் தொழில்நுட்பமே. நூல் வாசகரிடம் சென்றதா என்பதே அங்கு அளவுகோல்.

இதே பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறையில்தான் டாக்டர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் அவர்கள் பணியாற்றினார்கள். தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலாளர் அறிந்திருந்தவற்றைத் தொகுத்து அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1942இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அவ்வாண்டிலேயே ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ அவர்களால் ஆங்கிலமாக்கப் பெற்றது. நம் முகத்துவாரக்குப்பத்து மாணவர் முதலில் கையிலெடுக்க வேண்டியவை இவை. நல்ல நூலகமும் நல்ல ஆசிரியரும் ஒரே வளாகத்தில் கூடினால் என்ன விளையும் என்பதற்கும் இவை சான்றாகும்.

அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869இல் நிறுவப்பட்டது. காலின் மெக்கன்சி, சி.பி. பிரௌன் முதலியோர் திரட்டியவை அதன் அடித்தளம். ஓலையிலும் தாளிலுமாகச் சுமார் 72,000 சுவடிகளைக் கொண்ட அத்தொகுப்பில் தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு ஆகியவற்றோடு அரபு, பாரசீக, உருதுப் பிரதிகளும் உள்ளன. நெடுங்காலம் சேப்பாக்கத்தில் இருந்த அது, பின்னர் 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்துக்கு இடம் மாறிற்று. எழும்பூர்க் கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகளைப் பெறும் நூலகங்களுள் அதுவும் ஒன்று.

நுண்படம் முதல் இணையம் வரை

ஒரு நூலின் ஒரே படி ஓரிடத்தில் மட்டும் இருப்பது எத்துணை ஆபத்து என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது தமிழுலகம் கண்ணீரோடு கற்றது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே இரவில் சாம்பலாயின. படியெடுத்துப் பல இடங்களில் வைத்தல் என்னும் பழைய வர்ராக்குகளின் தொழிலையே நுண்படமும் மின்வருடலும் புதிய கருவிகளால் செய்கின்றன.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாள் முழுதும் தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தார். அத்தொகுப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் காக்கப்பட்டு, 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று; நுண்படமும் எடுக்கப்பட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலரைக் கொண்டே தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாக வைத்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அதில் இடம்பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017 முதல் அரிய நூல்களின் படங்களைத் தருகின்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் சேர்கின்றன.

ஆய்விதழ்களைப் பொறுத்தவரை, ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு நிறுவனங்களின் மாணவர் படிக்க அது வழிசெய்கின்றது. 2025 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு செல்வமிக்க நிறுவனங்களே வாங்க இயன்ற இதழ்கள் அரசுப் பல்கலைக்கழக மாணவருக்கு எட்டியிருப்பது பாராட்டுக்குரியது. எனினும் அரசு சாராத கல்லூரிகளும் நம் அரபு மதரஸாக்களும் அதன் முதற்கட்டத்தினுள் அடங்கவில்லை.

நம் அலமாரியின் திறவுகோல்

இவ்வளவு வசதிகளுக்குப் பின்னும் நம் மாணவரின் தேடலில் ஓர் இடைவெளி எஞ்சுகின்றது. பக்தாதிலும் கெய்ரோவிலும் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான அரபுக் கிதாபுகள் ‘அல்மக்தபத்துஷ் ஷாமிலா’ வாயிலாக இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் இடமெல்லாம் தோன்றும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு எழுத்தில் எழுதப்பட்ட நம் சொந்தத் தமிழ்க் கிதாபுகளோ, பெரும்பகுதி அத்தகைய தேடலுக்குள் இன்னும் வரவில்லை.

காரணங்கள் தெளிவானவை. ட, ப, ழ, ண போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்தில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டு நம் முன்னோர் எழுதினர். அவற்றைக் கணினி பிழையின்றிப் படிப்பதற்கு, படிக்கத் தெரிந்த ஆலிம்கள் முதலில் அதற்குக் கற்பிக்க வேண்டும். அடுத்தது பெயர்ச் சிக்கல். ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்னும் அரபுத்தமிழ் ஃபிக்ஹு நூலை யாத்த கீழக்கரைப் பெரியார் சையிது முஹம்மது (ரஹ்) அவர்களை (1816–1898) மக்கள் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்பர். அறிஞர் இமாமுல் அரூஸ் என்பர். மூன்று பெயரும் ஒருவரே என்பதைப் பட்டியல் தயாரிப்பவர் அறியாவிடில், ஒருவரது நூல்கள் மூன்று இடங்களில் சிதறும். தேடும் மாணவர் ஒன்றைக் கண்டு இரண்டை இழப்பார்.

இங்கு நம் குறையையும் மறைக்காமல் கூற வேண்டும். நம் பொறுப்பில் ஒரு கிதாபு அலமாரி பல ஆண்டுகள் இருந்தது. திறவுகோல் நம்மிடம், பட்டியல் எவரிடமும் இல்லை. ஆய்வு மாணவர் ஒருவர் வந்து அரபுத்தமிழ்ப் பிரதி ஏதேனும் உண்டா என வினவியபோது, ரமளான் கழியட்டும், பார்ப்போம் என்றோம். ரமளானும் கழிந்தது, மழைக்காலமும் கழிந்தது. பின்னர் திறந்தபோது கீழ்த்தட்டில் இருந்தவற்றைக் கரையான் தின்றிருந்தது. அவை யாவை என்பதைச் சொல்லக்கூட நம்மிடம் ஒரு வரி எழுத்து இல்லை. அம்மாணவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ‘இன்னும் மிச்சம் இருக்கு ஹஜ்ரத், அதையாவது எழுதி வைப்போம்’ என்றார். அன்று தொடங்கியதே நம் பட்டியல்.

அதற்குப் பெரும் பொருள் தேவைப்படவில்லை. ஒரு குறிப்பேடு, ஒரு கணினி, நல்ல ஒளி, கைப்பேசியின் படக்கருவி, மாணவர் இருவர் — இவையே போதுமாயின. நூலின் பெயர், ஆசிரியரின் எல்லாப் பெயர்கள், ஹிஜ்ரி ஆண்டு, எழுதியவர் அல்லது அச்சகம், பக்க எண்ணிக்கை, தற்போதைய நிலை ஆகியவற்றைக் குறித்தோம். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வைத்தோம். பள்ளிவாசல், தர்கா, மதரஸா, பழைய குடும்பம் என ஒவ்வோரிடமும் இதனைச் செய்து, பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கும் பொது மின்னூலகங்களுக்கும் அளித்தால் சில ஆண்டுகளில் நமக்கென ஒரு ஃபிஹ்ரிஸ்த் உருவாகும். மூலப்பிரதி உரியவரிடமே இருக்கலாம். அதைப் பற்றிய அறிவு எல்லோருக்கும் உரியதாகட்டும்.

முதல் வஹ்யு ஓதுதலையும் எழுதுகோலையும் முன்வைத்து இறங்கிய சமுதாயம் நாம். வக்ஃபு என்றால் நிலமும் கட்டடமும் மட்டுமே என நாம் எண்ணப் பழகிவிட்டோம். மர்வு நகரத்தார் நூலையும் வக்ஃபு செய்தனர். அதனை நாடி வந்த ஏழையிடம் ஈடு கேட்கவும் இல்லை. முகத்துவாரக்குப்பத்திலிருந்து காலையில் புறப்படும் மாணவர், தாம் தேடும் கிதாபு எங்குள்ளது என்பதை வீட்டிலேயே அறிந்துகொண்டு புறப்படும் நாளை வல்ல நாயன் விரைவில் அருள்வானாக. அதுவரை அவரைக் காக்க வைத்திருப்பது தொலைவு மட்டுமன்று. நம் கையிலுள்ள திறவுகோலும்தான்.