மாந்தைத் துறையும் சீனப் பீங்கானும்

மன்னார்த் தீவை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க வருவோர், பெருநிலத்திலிருந்து தாம்போதியையும் பாலத்தையும் கடந்து, போர்த்துக்கேயர் 1560இல் நிறுவி ஒல்லாந்தர் பின்னர் திருத்திக் கட்டிய கோட்டையையும், பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தையும், மேற்கு முனையான தலைமன்னாரின் பழைய இறங்குதுறையையும் கண்டு திரும்புவது வழக்கம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் அரபு வணிகரோடு வந்ததென்று நம்பப்படுகிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். இவை அனைத்துக்கும் முந்தியதும், மன்னாரை இவற்றினும் பரந்த உலகத்தோடு இணைத்ததுமான சான்று தாம்போதிக்கு இப்பால், பெருநிலக் கரையில், திருக்கேதீச்சர ஆலயத்தைச் சூழ்ந்த மாந்தை மேட்டின் அடியில் கிடக்கிறது.

துறை எழுந்த காரணம்

சம்பந்தரும் சுந்தரரும் தேவாரம் பாடிய மாதோட்டமும், பாளி நூலான மகாவம்சம் மகாதித்த என்று குறிக்கும் பெருந்துறையும் இந்த மாந்தையே. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே இராமர் அணை எனப்படும் மணல் திட்டுகளும் பாறைகளும் தொடராகக் கிடப்பதால், ஆழம் வேண்டிய பெரிய மரக்கலங்கள் அவ்வழியே செல்ல இயலாது. சிறு படகுகளே செல்லும். ஆகவே மேற்கிலிருந்து வந்த சரக்கும் கிழக்கிலிருந்து வந்த சரக்கும் இறங்கி, கைமாறி, வேறு கலங்களில் ஏறுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அந்தத் தேவையே மாந்தையை வளர்த்தது. அனுராதபுரத்தின் வழியாகப் பாய்ந்து இக்கரையிலேயே கடலில் கலக்கும் அருவியாறு, தலைநகரையும் துறையையும் இணைக்கும் இயற்கையான தடமாக அமைந்தது. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வணிகரான கொஸ்மாஸ், சீன நாட்டிலிருந்து பட்டும், கிழக்குத் திசையிலிருந்து அகில், கிராம்பு, சந்தனம் ஆகியனவும் இலங்கைக்கு வந்து, அங்கிருந்து மேற்கே போவதாகக் கூறுவது இந்த இடைநிலை வணிகத்தையே.

மண்ணடியில் கிடைத்தவை

குதிரை இலாட வடிவில் அமைந்த மாந்தை மேட்டில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வு உள்நாட்டுப் போரினால் நின்றுபோனது. போர் முடிந்தபின் 2009-2010இல் மீண்டும் அகழ்ந்தபோது, மிளகு மணிகளோடு, கி.பி. 900-1100 காலத்தைச் சேர்ந்த ஒரு கிராம்பும் கிடைத்தது. அக்காலத்தில் கிராம்பு விளைந்த இடம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள் மட்டுமே. முதற்கட்ட ஆய்வில், பாரசீக வளைகுடாப் பகுதியின் நீலப்பச்சை மெருகுக் கலங்களின் சில்லுகளோடு, சீனத்தின் தாங் அரசர் காலத்துச் சில்லுகளும் வெளிப்பட்டன. அவற்றுள் மூவகை குறிப்பிடத்தக்கவை. சாங்சா என்னும் ஊரின் சூளைகளில் ஆக்கிய கிண்ணங்களில், மெருகு பூசுவதற்கு முன்பே பழுப்பிலும் பச்சையிலும் பூவும் பறவையும் தூரிகையால் தீட்டப்பட்டிருக்கும். யுவே எனப்படும் கலங்கள் பச்சை மெருகுக்குப் பேர்பெற்றவை. மூன்றாவது, தோளில் சிறு காதுகள் வைத்த பெருஞ்சாடிகள். இவை விற்பனைக்கு மட்டுமன்றிச் சரக்கை அடைத்து அனுப்பவும் பயன்பட்டன. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டறியப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலில், சாங்சாக் கிண்ணங்கள் சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கப்பட்டிருந்தன; மாந்தைக்கு வந்த கிண்ணங்களும் அவ்வாறே கட்டப்பட்டு வந்திருக்கலாம்.

பொருள்களோடு மனிதரும் வந்தனர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈராண்டுகள் இலங்கையில் தங்கிய சீனத் துறவி பாஹியான், அனுராதபுரத்து அபயகிரி விகாரையில் பச்சைக்கல் புத்தர் சிலையின் முன் வணிகர் ஒருவர் அத்துறவியின் தாய்நாடான சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைப்பதைக் கண்டு கண்ணீர் பெருக நின்றதை எழுதிவைத்திருக்கிறார். முத்து எடுக்கும் இடத்தில் அரசன் காவல் வைத்து, பத்துக்கு மூன்று பங்கை வரியாகக் கொண்டதையும் அவரே குறிக்கிறார். பதினோராம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியில் மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றதையும், தாழி குமரன் என்னும் அதிகாரி அங்கே இராசராச ஈசுவரம் என்ற சிவாலயம் எடுத்ததையும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அறிவிக்கிறது.

மறுகரையில் ஒரு நகரம்

மாந்தையின் வணிகம் தளர்ந்த பின்னரும் தமிழ் வணிகர் சீனம் செல்வதை நிறுத்தவில்லை. பூக்கியன் மாநிலத்தில் அரபு வணிகர் சைத்தூன் என்றழைத்த சுவான்சௌ நகரில், சக ஆண்டு 1203இல், அதாவது கி.பி. 1281இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. அதன் இறுதியில் சீன எழுத்தும் காணப்படுகிறது. இன்று அந்நகரைச் சுற்றிப் பார்ப்பவர், 686இல் தோன்றிய கையுவான் பௌத்த விகாரையில் இரட்டைக் கற்கோபுரங்களைக் கண்டபின், பெருமண்டபத்தின் பின்புறத்துத் தூண்களில் கண்ணனையும் நரசிம்மரையும் காணலாம். இலிங்கத்தை யானை வழிபடுவதும் பசு பால் சொரிவதும் செதுக்கப்பட்ட கற்களும் அந்நகரில் கிடைத்துள்ளன. 1009இல் எழுந்த பள்ளிவாசலும், நான்யின் என்னும் பழைய இசைமரபும் அந்நகரின் அன்றாட வாழ்வோடு இணைந்திருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ அந்நகரின் 22 இடங்களை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அயலார் விட்டுச்சென்ற கல்லையும் தன் வரலாறாகவே அந்நகரம் காட்டுகிறது.

சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் 1409இல் பொறிக்கப்பட்டு, கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு இலங்கைக்கு வந்து, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல், இந்தக் கடற்பாதையின் பொதுமொழிகளுள் தமிழும் ஒன்றென்பதை உறுதிசெய்கிறது. அப்பாதையில் மன்னார்க் கரை வகித்த இடம் இன்றுவரை மக்களின் வழக்கிலும் தங்கியிருக்கிறது: மன்னார்க் கத்தோலிக்க மக்கள் ஆடும் நாட்டுக்கூத்தின் இரு மரபுகளுள் ஒன்றுக்கு மாதோட்டப் பாங்கு என்றே பெயர்.

போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீச்சரத்தை மீட்டெடுக்க ஆறுமுக நாவலர் 1872இல் விடுத்த அழைப்பு, பல தலைமுறைகளின் உழைப்பால் நிறைவேறியது. ஆலயம் மீண்டதுபோலத் துறையும் நினைவில் மீள வேண்டும். மாந்தை மண்ணில் கிடைத்த சாங்சாச் சில்லும் பாரசீகச் சில்லும் கிராம்பும் மாந்தையிலேயே தமிழ், சிங்கள விளக்கங்களோடு காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். கோட்டையையும் பெருக்கமரத்தையும் பார்த்துத் திரும்பும் பள்ளி மாணவர், தம் மாவட்டம் நாட்டின் ஒரு மூலையல்ல, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் நடுவே நின்ற சந்தி என்பதை அங்கேதான் அறிந்துகொள்ள முடியும்.

(தொடரும்)

அடுத்த இதழில்: அரிப்புக் கரையின் முத்துக் குளிப்பு