நள்ளிரவில் நாகபுரி

வடாலாவிலும் மாதுங்காவிலும் இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் ஊர்க் கடிதங்களின் கட்டு ஒன்று இல்லாத வீடு அரிது. பிள்ளை பிறந்தது, பெரியவர் நோயுற்றது, வயல் குத்தகை, பெண்ணுக்கு வந்த வரன் என எல்லாம் அக்கட்டினுள் அடங்கும். எழுதியவர் யாரென்பதை நாம் மறப்பதில்லை. அக்கடிதம் எவ்வழியே வந்தது என்பதைத்தான் நினைத்துப் பார்ப்பதில்லை. ஐம்பதுகளில் சென்னையில் ஒரு மாலை தபாற்பெட்டியில் விழுந்த கடிதம், மறுநாள் காலை பம்பாயை எட்டிவிடும். அந்த ஓர் இரவில் அது நாகபுரிக்குச் சென்று வந்திருக்கும்.

விமானத் தபாலுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு தொடக்க நாளிலேயே ஏற்பட்டது. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒற்றை என்ஜின் கொண்ட 'புஸ் மாத்' விமானத்தில் தபால் மூட்டையுடன் கிளம்பி, ஆமதாபாத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பிற்பகலில் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். பம்பாயோடு வேலை முடிந்துவிடவில்லை. அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் தபாலை ஏற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். வழிகாட்ட வானொலிக் கருவி கிடையாது. கீழே தெரியும் இருப்புப் பாதையும் ஆறுகளுமே வரைபடம். மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் அதே 1932இல்தான் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமே.

ஜுஹு நிலமோ மழைக்காலத்தில் சேறாகிவிடும். அம்மாதங்களில் சேவையைப் பூனாவுக்கு மாற்றினார்கள். ஜுஹுவைப் பற்றி மற்றொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1953 ஜூலையில் பிரிட்டிஷ் 'காமெட்' ஜெட் விமானம் ஒன்று, சாந்தாகுரூஸ் என்று தவறாக எண்ணி, இச்சிறு களத்தில் இறங்கிவிட்டது. அதை மறுபடி மேலே கிளப்புவதற்குச் சில நாட்கள் பிடித்தன!

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற 'டகோட்டா' விமானங்கள் மலிவு விலையில் கிடைத்தன. அவற்றை வாங்கிப் பல கம்பெனிகள் புறப்பட்டன. பயணிகள் குறைவு, விமானங்கள் மிகுதி. பகல் முழுதும் பறந்தும் கணக்கில் நட்டமே மிஞ்சியது. இரவில் அவ்விமானங்கள் வெறுமே நின்றன. நிற்கும் விமானத்துக்கும் வட்டியும் காப்பீட்டுக் கட்டணமும் நிற்பதில்லை அல்லவா? இரவுத் தபால் என்னும் எண்ணத்துக்கு இப்பொருளாதாரமும் ஒரு காரணம்.

1949 ஜனவரி இறுதியில் அச்சேவை தொடங்கியது. பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நள்ளிரவை ஒட்டி நாகபுரியில் இறங்கும். அங்கே மூட்டைகளைப் பிரித்து, மாற்றி ஏற்றியதும், ஒவ்வொன்றும் வந்த ஊருக்கே திரும்பிப் பொழுது விடியுமுன் சேரும். அவ்வாண்டு ஏப்ரல் முதல் உள்நாட்டுக் கடிதங்கள் தனிக்கட்டணமின்றியே விமானத்தில் சென்றன. பணக்காரரின் வசதியாயிருந்த விமானத் தபால் இவ்வாறு ஆலைத் தொழிலாளியின் கைக்கும் எட்டியது.

இதில் உள்ள கணக்கைச் சற்று பார்ப்போம். நான்கு நகரங்களை நேருக்கு நேர் இணைப்பதானால் ஆறு வழித்தடங்கள் வேண்டும். போகவும் வரவுமாக இரவுக்கு 12 பயணங்கள். நடுவே ஒரு சந்திப்பை வைத்தால் நான்கு விமானங்களும் எட்டுப் பயணங்களும் போதும். பத்து நகரங்களாயின் 45 தடங்களுக்குப் பதில் பத்தே தடங்கள். நாகபுரியோ நாட்டின் நடுவில் அமைந்தது. பம்பாய் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். மற்ற மூன்றும் 850 முதல் 1,000 கிலோமீட்டருக்குள். மணிக்கு 270 கிலோமீட்டர் போல் செல்லும் டகோட்டாவுக்கு எந்தத் தடமும் நான்கு மணி நேரத்துக்கு மேற்படாது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரை நடுவாகக் கொண்டு 'ஃபெடரல் எக்ஸ்பிரஸ்' கம்பெனி இதே முறையில் இரவில் பொதிகளைப் பறக்கவிட்டது 1973இல்தான்.

ஆனால் சந்திப்பு முறைக்கு ஒரு தொல்லை உண்டு. கல்கத்தா விமானம் மழையில் சிக்கித் தாமதித்தால் சென்னைக்காரர் காத்திருப்பதா, கல்கத்தா மூட்டையை விட்டுவிட்டுப் புறப்படுவதா? ஒருவரின் தாமதம் நால்வரையும் பிடிக்கும். இன்று ஓர் ஊரில் மூடுபனி சூழ்ந்தால் மும்பையில் விமானம் தாமதமாவதும் இதே பிணைப்பினால்தான்.

இந்த இரவு விமானங்களில் குறைந்த கட்டணத்தில் பயணிகளும் சென்றனர். உறக்கம் கெடும், ஆயினும் ஊரில் துக்கம் என்று தந்தி வந்தவனுக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் கழிப்பதைவிட அது மேலாயிற்று. அந்த விரைவுக்கு விலையும் இருந்தது. 1953 ஆகஸ்டில் எட்டு உள்நாட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பொரேஷன் உருவான சில மாதங்களில், டிசம்பர் 12ஆம் நாள், நாகபுரியில் மேலெழும்பிய டகோட்டா வீழ்ந்து 13 பேர் மாண்டனர்; விமானி மட்டும் பிழைத்தார். இறந்த ஒருவரின் குடும்பம் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை சென்றது. கம்பெனிக்குப் பொறுப்பில்லை எனப் பயணச்சீட்டில் அச்சிட்டிருந்த நிபந்தனை செல்லும் என்பதே அங்கே முடிவாயிற்று. பொடி எழுத்தில் அச்சிட்டதை, துக்க வீட்டுக்கு ஓடுகிறவன் நின்று படிப்பானா? அத்தீர்ப்பு சட்டப்படி சரியாயிருக்கலாம். என் மனம் ஒப்பவில்லை. 1972இல் இயற்றிய விமானவழிப் போக்குவரத்துச் சட்டத்தின் பின்னரே உள்நாட்டுப் பயணிக்கும் வரையறுத்த இழப்பீட்டுக்கு வழி பிறந்தது.

1964இல் இந்தியன் ஏர்லைன்ஸ் 'காரவெல்' ஜெட் விமானங்களைப் பெற்றது. டகோட்டா அரை இரவில் கடந்த தொலைவை ஜெட் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடவே, நடுவழிச் சந்திப்புக்குத் தேவை குறைந்து, நாகபுரியின் நள்ளிரவுப் பரபரப்பும் நாளடைவில் ஓய்ந்தது. இன்று கடிதங்கள் பயணிகள் விமானத்தின் வயிற்றறையில், நம் காலடியிலேயே, பெட்டிகளோடு பெட்டியாகச் செல்கின்றன.

ஆயினும் நிலப்படத்தில் நாகபுரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2002இல் மகாராஷ்டிர அரசு ஒரு விமான நிலைய வளர்ச்சி நிறுவனத்தை அமைத்து, அதே சோனேகாவ் விமானதளத்தை ஒட்டிச் சரக்குச் சந்திப்பு ஒன்றை உருவாக்கத் திட்டமிட்டது.