கடலின் இரு கரையிலும் ஒரே முதலீட்டாளர்

மலேசியத் தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பர் 28ஆம் திகதி தமது 86ஆவது வயதில் காலமானார். அவருடைய செல்வத்தையும், கோலாலம்பூர் இரட்டைக் கோபுரங்கள் எழுந்ததில் அவருக்கிருந்த பங்கையும், பௌத்த துறவியாகிவிட்ட அவருடைய மகனையும் பற்றிப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. நமது மலையகத்திற்கும் அவருக்கும் இருந்த தொடர்பை எவரும் எழுதக் காணோம். அதனை இங்கே பதிவு செய்வது பொருத்தம் என்று கருதுகிறேன்.

யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியில் வந்த ஆனந்த கிருஷ்ணன் 1938இல் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பிறந்தார். பிரித்தானியர் காலத்தில் மலாயா ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகப் பணியாற்றச் சென்ற யாழ்ப்பாணத்தவர் பலர் குடியேறிய இடம் அது. அதே பேரரசு, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கூலிகளை அழைத்துவந்து கண்டிச் சீமையின் தோட்டங்களில் குடியமர்த்தியது. ஒரே மொழி பேசிய இரண்டு கூட்டங்கள். ஒன்றின் கையில் பேனா, மற்றதன் முதுகில் கொழுந்துக் கூடை. இந்த வேறுபாட்டை மனதிற்கொண்டே பின்னர் நடந்தவற்றைப் படிக்க வேண்டும்.

கொழும்புத் திட்டப் புலமைப்பரிசில் பெற்று மெல்பேர்னில் கற்ற அவர், 1964இல் ஹார்வர்டில் முதுகலை வணிக நிர்வாகப் பட்டம் பெற்றார். எண்ணெய் வணிகத்தில் பொருளீட்டிய பின் தொலைத்தொடர்பில் இறங்கினார். மேக்சிஸ் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1995இல் தொடங்கியது. 1996இல் மீசாட் செய்மதி விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் அஸ்ட்ரோ தொலைக்காட்சிச் சேவையும் ஆரம்பமாயிற்று. 2006இல் சிவசங்கரனிடமிருந்து ஏர்செல்லின் 74 சதவீதத்தை மேக்சிஸ் வாங்கியது. ஏர்செல்லின் பிறப்பிடம் தமிழ்நாடு.

இலங்கையில், 1997இல் ஸ்ரீ லங்கா டெலிகொம் நிறுவனத்தின் 35 சதவீதப் பங்குகள் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. 2008இல் அந்தப் பங்குகளை ஆனந்த கிருஷ்ணனின் உசாஹா தெகாஸ் குழுமத்தைச் சார்ந்த நிறுவனம் ஒன்று வாங்கியது. மேலும் பங்குகளைச் சேர்த்து 44.98 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. மொபிடெல், டெலிகொம்மின் முழு உரிமையில் உள்ள நிறுவனமாகும்.

இனி ஹட்டனுக்கு வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் செய்தியாளனாகத் தோட்டங்களுக்குச் செல்லத் தொடங்கியபோது, தொலைபேசி என்பது துரை பங்களாவிலும் தோட்ட அலுவலகத்திலும் மட்டுமே இருந்த பொருள். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கு வந்து, அங்கிருந்து பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும். மகனுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்த பின்னர் கைக்குக் கிடைத்ததாக ஒரு தாய் என்னிடம் சொல்லி அழுதார். செய்தியைத் தாமதிக்கச் செய்வதும் ஓர் அதிகாரமே.

இந்த மக்களுக்குச் செய்தி ஏன் அத்தனை இன்றியமையாததாயிற்று? 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. அண்ணன் கூடலூரிலும் தங்கை பொகவந்தலாவையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. மரணச் செய்தி காரியம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த வீடுகள் எத்தனையோ.

கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசியும், பின்னர் கையடக்கத் தொலைபேசியும் லயங்களுக்குள் நுழைந்தபோது அந்த நிலை மாறியது. 2008க்குப் பின்னர் சுமார் பத்தாண்டுக் காலம், ஹட்டனில் மொபிடெல் இணைப்பு வைத்திருந்த தங்கை, நீலகிரியில் ஏர்செல் இணைப்பு வைத்திருந்த அண்ணனை அழைத்திருந்தால், அந்த அழைப்பின் இரு முனைகளிலும் ஆனந்த கிருஷ்ணனின் முதலீடு இருந்தது. அரசுகள் பிரித்த உறவை ஒரு தமிழரின் மூலதனம் இணைத்தது என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால், வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. மூலதனம் இனம் பார்த்து வருவதில்லை. மொபிடெல்லுக்குப் போட்டியாக மலைகளில் கோபுரம் நாட்டிய டயலொக்கும் மலேசிய மூலதனத்தில் வளர்ந்ததே. அதற்கும் இதற்கும் லயத்து மக்கள் வாடிக்கையாளர்கள், அவ்வளவுதான். ஏர்செல் கைமாறியதில் முறைகேடு நடந்ததாக இந்திய மத்தியப் புலனாய்வுப் பிரிவு 2014இல் ஆனந்த கிருஷ்ணனையும் சேர்த்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர் அந்த நீதிமன்றத்தில் முன்னிலையாகவில்லை. அதே வழக்கில் மாறன் சகோதரர்கள் 2017இல் விடுவிக்கப்பட்டனர். கடனும் போட்டியும் நெருக்க, 2018 பெப்ரவரியில் ஏர்செல் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானோரின் தொலைபேசிகள் திடீரென ஊமையாயின. தாயகம் திரும்பியோர் என்று அழைக்கப்பட்டவர்களுக்கு அதில் விலக்கு எதுவும் இருக்கவில்லை.

ஆகவே, நன்றி சொல்வதானால் யாருக்குச் சொல்வது? நாட்சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஐம்பதுக்கும் நூறுக்கும் ரீலோட் போட்டு, அந்தக் கோபுரங்களை இலாபகரமாக்கியவர்களுக்கே முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 2022 நெருக்கடிக்குப் பின் டெலிகொம்மில் தனக்குள்ள பங்குகளை விற்க முனைந்த அரசாங்கம், ஆட்சி மாறியதும் 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. பங்குகளின் பெறுமதி பற்றிப் பாராளுமன்றத்திலும் வெளியிலும் நிறையப் பேசப்பட்டது.

லயங்கள் பலவற்றிற்கு இன்றும் தனி முகவரி இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் அவள் பெயரில் பதிவான பத்து இலக்கத் தொலைபேசி எண் இருக்கிறது. அவள் குடியிருக்கும் வீட்டிற்கு ஓர் இலக்கம் இல்லை. முன்னதைச் சந்தை கொடுத்தது, ஏனெனில் அதில் இலாபம் இருந்தது. பின்னதை அரசுதான் கொடுக்க வேண்டும்.