நாரிப்பிடிப்பும் நெம்புகோலும்

கிளிவெட்டியில் அறுவடை நேரம் நெல் மூட்டை தூக்கப் போனால் பெரியாக்கள் சொல்வது ஒன்றுதான்: "நெஞ்சோட அணைச்சுத் தூக்கு தம்பி, இல்லாட்டி நாரி பிடிச்சிடும்." கலைப்பீடத்துப் பிள்ளைகளான நாங்கள் இதை வெறும் புத்திமதி என்றே நினைத்திருந்தோம்.

பல்கலைக்கழகங்களில் பயோமெக்கானிக்ஸ் என்று படிப்பிப்பதும் இதைத்தான். எலும்பு ஒரு நெம்புகோல், மூட்டு அது திரும்பும் இடம், தசை இழுக்கும் கயிறு. முதுகுத் தசை முள்ளந்தண்டிலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தள்ளி நின்றுதான் இழுக்கிறது. 20 கிலோவை 50 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தால் அது 200 கிலோவுக்குச் சமமாக இழுக்க வேணும். 25-க்குக் கொண்டுவந்தால் 100 போதும். உடம்பின்ர பாரம் வேற.

இப்படியான கணக்கை முதலில் விரிவாகப் போட்டவர் இத்தாலியரான பொரெல்லி. அவர் இறந்த பிறகு, 1680-81-ல் அந்த நூல் வெளிவந்தது. தூக்கும் பாரத்தைவிடத் தசை பல மடங்கு இழுக்கிறது என்று அவர் காட்டினார்.

தமிழுக்கும் இதில் ஒரு பழைய கதை இருக்கு. 1847-ல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். 1860-களில் தமிழுக்கு மாற்றினார். எலும்பையும் தசையையும் விளக்கும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872-ல் வந்தது. சொற்களைக்கூட அவரும் மாணவர்களும் தேடித்தேடி ஆக்கினார்கள். தமிழில் படித்த வைத்தியர் தன்ர ஊரிலேயே நிற்பார் என்பது அவருடைய எண்ணம். அவர் நாடு திரும்பிய பிறகு அந்த முயற்சி நிலைக்கவில்லை.

இன்றைக்கு இயன்மருத்துவப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உலக ஆய்வுகளை வாசிக்க அது வேணும். ஆனால் படித்து முடித்து வருபவர் கிளிவெட்டி ஐயாவுக்கு முன்னால் இருக்கும்போது, அவர் கேட்கப்போவது "நாரி ஏன் பிடிக்குது?" என்றுதான். அதற்குத் தமிழில் பதில் சொல்லும் பயிற்சியும் அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு பகுதியாக இருக்க வேணும். மானிப்பாயில் 150 வருஷத்துக்கு முதல் செய்ததைத்தான் கேட்கிறோம்.