ஜான்சிங், ஏ. ஜே. டி. (1945–2024)

காட்டுயிர் உயிரியலாளர். முழுப்பெயர் ஆசிர் ஜவகர் தாமஸ் ஜான்சிங். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிறந்தார். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராகத் தொடங்கி, பந்திப்பூர்ச் செந்நாய்களை ஆராய்ந்து பெயர்பெற்று, டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் முதன்மையராக 2005இல் ஓய்வு பெற்றார். மருத்துவமோ கால்நடை மருத்துவமோ அவர் துறையன்று. இருந்தும் மனிதர், விலங்கு, சூழல் ஆகிய மூன்றின் நலத்தையும் ஒன்றாகக் காணும் துறையின் வரலாற்றில் அவருக்கு இடமுண்டு. மேய்ச்சல் மாட்டையும் ஊர் நாயையும் விறகு வெட்டுபவரையும் விலக்கிவிட்டு ஒரு காட்டு விலங்கைப் பற்றி எழுதுவது அவருக்குக் கைவந்ததில்லை.

அத்துறை "ஒரே ஆரோக்கியம்" என்ற பெயரில் உலக அளவில் பேசப்படுவதற்கு 2004 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த கூட்டமும் அங்கு வகுக்கப்பட்ட மன்ஹாட்டன் கோட்பாடுகளும் காரணம் என்பர். தென்னிந்தியாவில் அந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். 1957இல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன; அக்கம்பக்கத்து ஊர்களில் மனிதருக்கும் காய்ச்சல் கண்டது. புனே நச்சுயிர் ஆய்வு மையத்தார் நோயைப் பரப்பும் உண்ணியைக் கண்டறிந்தனர். காடு திருத்தப்பட்டதும் அங்கே மாடுகள் மேயப் போனதும் உண்ணிகளைப் பெருக்கின என்று ஹோர்ஹே போஷெல் 1969இல் வாதிட்டார். ஜான்சிங் கல்லூரி ஆசிரியராகக் காட்டுக்குள் போகத் தொடங்கியது இந்த வாதம் வெளிவந்ததை ஒட்டிய ஆண்டுகளில். அவர் இதைப் படித்தாரா என்பதைவிட, அதே மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் அதே கேள்விக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார் என்பதே குறிக்கத்தக்கது.

இளமைப் பருவம் பற்றி இங்கே ஒரு வரி போதும்: ஜிம் கார்பெட்டின் புலிவேட்டைக் கதைகளைச் சிறுவயதிலேயே படித்தவர்; அந்தப் பித்து கடைசிவரை தெளியவில்லை.

சிவகாசி. அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இல் தொடங்கப்பட்டது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத்தொழில் ஊரான சிவகாசி அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் பிரிந்தது 1985இல்தான். வானம் பார்த்த கரிசல் பூமி. மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் தாண்டினால் நிலம் சட்டென்று எழுந்து மேற்குத்தொடர்ச்சி மலையாகிவிடும். ராஜபாளையத்தின் குடிநீர் அய்யனார்கோவில் ஆற்றிலிருந்து ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. வத்திராயிருப்புப் பக்கத்து வயல்கள் பிளவக்கல் அணைகளை நம்பியிருக்கின்றன. மலையில் மரம் குறைந்தால் தரையில் குடம் காலியாகும் என்பதை இவ்வட்டாரத்தாருக்கு எந்த அறிஞரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சூழலிலிருந்து முதுமலைக்குச் சென்றார் ஜான்சிங். நாய்க்குடும்ப விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த மைக்கேல் ஃபாக்ஸ் அங்கே செந்நாய்களைக் கவனித்து வந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, செந்நாய்கள் வேட்டையாடும் முறையையும் இரை உண்ணும் முறையையும் பற்றியது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1975இல் வந்தது.

பந்திப்பூர், 1976–78. ஜான்சிங்கின் வாழ்க்கையில் மிக நன்றாகப் பதிவான பகுதி இதுவே. செந்நாய்க்கு அன்று நல்ல பெயர் இல்லை. வேட்டைக்காரர்கள் அதை மானினத்தின் எமன் என்றனர். கொன்றவர்களுக்கு அரசே வெகுமதி கொடுத்தது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அவ்வழக்கம் ஓய்ந்தது. சட்டம் காத்தாலும் அந்த விலங்கைப் பற்றி உருப்படியாகத் தெரிந்தது கொஞ்சம். புலித்திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களுள் ஒன்றான பந்திப்பூரில் ஒரு கூட்டத்தை இரண்டு ஆண்டுக்காலம் விடாமல் பின்தொடர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தார். கட்டற்ற நிலையில் வாழும் பெரிய பாலூட்டி ஒன்றை இந்தியர் ஒருவர் தனித்து நெடுங்காலம் ஆராய்ந்தது இதுவே முதல்முறை என்று பலரும் எழுதியுள்ளனர். "பெரிய" என்றும் "நெடுங்காலம்" என்றும் எவ்வளவைக் கொள்வது என்பதைப் பொறுத்தது அது. முன்னோடிகளுள் ஒருவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கூட்டத்தில் வளர்ந்த நாய்கள் சராசரியாக எட்டுக்குச் சற்று அதிகம். அவை சுற்றித் திரிந்த எல்லை ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர். முக்கிய இரை புள்ளிமான். நாட்கணக்கில் துரத்தி இரையைக் களைக்க வைக்கும் என்ற வேட்டைக்கதை பந்திப்பூரில் நிற்கவில்லை; பெரும்பாலான துரத்தல்கள் சில நூறு மீட்டருக்குள் முடிந்தன. குட்டி ஈன்ற பெண் நாய்க்கும் குட்டிகளுக்கும் கூட்டத்தின் மற்ற நாய்கள் இரையைத் தின்று வந்து கக்கிக் கொடுத்தன. ஒன்று பிரிந்துபோனால் சீழ்க்கை அடித்து மற்றவற்றைத் தேடும். அந்தச் சீழ்க்கையைக் கேட்டவர்கள் அதை மறப்பதில்லை என்பார்கள்.

ஒரே காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் எப்படிப் பிழைக்கின்றன என்பதையும் அவர் பதிவு செய்தார். இனப்பெருக்கம், சமூக நடத்தை பற்றிய கட்டுரை 1982இலும், பந்திப்பூரின் பெரிய இரைவிலங்குகள், கொன்றுண்ணிகள் பற்றியது 1983இலும், மூன்று கொன்றுண்ணிகளின் இரைத் தேர்வு பற்றியது 1992இலும் வெளிவந்தன. ஆய்வேட்டுக்கு மதுரைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது.

இக்கட்டுரைகளைப் புலி, சிறுத்தைக் கணக்குக்காகப் புரட்டுபவர்கள் பலர். இங்கே கவனிக்க வேண்டியவை மற்ற பக்கங்கள். செந்நாய் கொன்றுபோட்ட மானை ஊரார் பறித்துக்கொண்டு போவது அவற்றில் உண்டு. அது களவா பசியா என்ற தீர்ப்பை அவர் எழுதவில்லை. இரை பறிபோன கூட்டம் மறுபடி வேட்டையாட வேண்டும் என்ற கணக்கோடு நிறுத்திக்கொண்டார்.

மாடுகளைத் தாக்கும் வெக்கை நோயின் கதையும் அவற்றில் உண்டு. 1968ஆம் ஆண்டளவில் இந்த நோய் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் புகுந்து காட்டெருதுகளை வாரிக்கொண்டு போனது. மாடும் காட்டெருதும் ஒரே குட்டையில் நீர் குடிக்கும் காட்டில் நோய்க்கு வேலி ஏது? ஜான்சிங் போன காலத்தில் காட்டெருதின் எண்ணிக்கை இன்னும் முழுதாக மீளவில்லை. அங்கே எது எதைத் தின்கிறது என்ற கேள்விக்குப் பக்கத்து ஊர்த் தொழுவத்தில் நடந்ததும் விடையின் ஒரு பாதி. இந்தியாவின் கடைசி வெக்கை நோய்ப் பதிவு 1995இல் தமிழ்நாட்டின் வட ஆற்காட்டுப் பகுதியில் வந்தது. உலகம் முழுவதிலும் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2011இல்.

டேராடூன். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் முதுமுனைவர் ஆய்வு செய்தார். பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் யானைத் திட்டத்தில் சில ஆண்டுகள். 1985இல் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்தார். ராஜாஜி–கார்பெட் யானை வழித்தடங்கள், வனத்துறை அலுவலர்களுக்கான பயிற்சி என இருபது ஆண்டுகள் நிறைந்தன. அவரிடம் பயின்றவர்கள் நாடெங்கும் உள்ளனர்.

அவர்களுள் ஜஸ்டஸ் ஜோஷ்வா எடுத்துக்கொண்டது ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தின் நரை அணில். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. ஓடைக்கரை மரங்களில் கூடு கட்டும். ஒரு மரத்தின் கிளை அடுத்ததைத் தொட்டால்தான் அதற்கு வழி, தரையில் இறங்குவது அதற்கு ஆபத்து. செண்பகத்தோப்பின் புளியும் மாவும் அதற்கு உணவாக, அவற்றின் உரிமையாளர்களுக்கோ தலைவலியாக இருந்தன. இந்த அணிலை முன்னிட்டு 1988இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 485 சதுர கிலோமீட்டர். மனிதர் தரும் தொல்லை அணிலின் வாழிடத்தையும் எண்ணிக்கையையும் எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றி ஜோஷ்வாவும் ஜான்சிங்கும் எழுதிய கட்டுரை 1994இல் ஓர் அனைத்துலக இதழில் வந்தது. அணிலுக்கு வேண்டிய தொடர்ச்சியான விதானமும் அடிவார ஊர்களுக்கு வேண்டிய ஓடைநீரும் ஒரே மரங்களால் நிற்பவை. அணில் பற்றிய அந்தக் கட்டுரையை ராஜபாளையத்துக் குடிநீர் பற்றிய கட்டுரையாகவும் படிக்க முடியும்.

சிங்கமும் நாயும். ஆசியச் சிங்கங்கள் குஜராத்தின் கீர் காட்டில் மட்டுமே எஞ்சியிருந்தன. ஒரே இடத்தில் உள்ள இனத்தை ஒரே நோய் துடைத்துவிடலாம் என்பது வெறும் அச்சமல்ல என்று 1994இல் தெரிந்தது. தான்சானியாவின் செரெங்கெட்டியில் டிஸ்டெம்பர் என்ற நச்சுயிர் நோய் அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. ஊர் நாய்களிடமிருந்து அது வந்தது என்று முதலில் கருதப்பட்டது. வேறு விலங்குகளின் பங்கும் உண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறுகின்றன. அடுத்த ஆண்டே ரவி செல்லம், ஜோஷ்வா, கிறிஸ்டி வில்லியம்ஸ், ஜான்சிங் நால்வரும் சிங்கத்துக்கு இரண்டாம் வீடு தேடி அறிக்கை அளித்தனர். மத்தியப் பிரதேசத்துக் கூனோவைப் பரிந்துரைத்தார்கள். 24 ஊர்கள் அங்கிருந்து இடம் மாற்றப்பட்டன. இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலோர் சகரியா பழங்குடியினர். அவர்கள் விட்டுவந்த மாடுகள் காட்டில் திரிந்தன. 2007இல் ஜான்சிங் சக ஆய்வாளர்களுடன் எழுதிய கட்டுரையில் அந்த மாடுகளும் கணக்கில் வருகின்றன. இடம்பெயர்ந்தவர்களின் இழப்பு அதே அளவு கணக்கில் வந்ததா என்பதில் கருத்துகள் பலவாறு.

நாய்வழி நோய் ராஜபாளையத்தாருக்கும் அந்நியமல்ல. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக, பன்றி வேட்டைக்குப் பேர்போன அவ்வூர் நாயினம் 2005இல் அஞ்சல்தலையிலும் ஏறியது.  இனநாயோ தெருநாயோ, தடுப்பூசி போடாமல் காட்டோரம் விடப்பட்டால் வெறிநோயையும் டிஸ்டெம்பரையும் சொறியையும் செந்நாய்க்குக் கொண்டுபோகக் கூடியது. செந்நாய்க்கான அச்சுறுத்தல்களில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதையும் சேர்த்துள்ளது.

கீரின் சிங்கங்களை நோய் 2018இல் தொட்டது. தல்கானியா சரகத்தில் 23 சிங்கங்கள் இறந்தன. சிலவற்றின் மாதிரிகளில் டிஸ்டெம்பர் நச்சுயிரை உறுதிசெய்தது புனேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனம். கியாசனூர்க் குரங்குக் காய்ச்சலை 1957இல் பிடித்த அதே ஆய்வகம், பெயர் மட்டும் மாறியது. சிங்கங்களைக் கூனோவுக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் அங்கே 2022 செப்டம்பரில் வந்து சேர்ந்தவை நமீபியாவின் சிவிங்கிப்புலிகள்.

பிற்காலம். ஓய்வுக்குப் பின் மைசூர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையுடனும் உலக இயற்கை நிதியத்துடனும் இணைந்து பணியாற்றினார். மகசீர் மீனிடம் அவருக்கு இருந்த காதல் அறிவியலைத் தாண்டியது. ஆறு நலமாக இருக்கிறதா என்று கேட்பவரிடம் மீனைப் பற்றிப் பேசுவார். 2021 பிப்ரவரியில், ஜோஷ்வாவோடு அவர் எழுதிய நரை அணிலின் சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டின் ஐந்தாவது, பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2024 ஜூன் 7 அன்று பெங்களூருவில் ஜான்சிங் காலமானார்.

நூல்கள்: ஜிம் கார்பெட்டின் தடத்தைத் தேடிய நூல் (2004), "ஃபீல்ட் டேஸ்", "வாக்கிங் தி வெஸ்டர்ன் காட்ஸ்" (2015), நிமா மஞ்ச்ரேக்கருடன் தொகுத்த தெற்காசியப் பாலூட்டிகள் பற்றிய இரு தொகுதிகள் (2013, 2015). அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.