எல்லைச் சிற்றூர்களில் துப்பறியும் நூல்கள்

களியக்காவிளையைக் கடந்து மேற்கே சில கல் சென்றால் பாறசாலை. அதற்கும் அப்பால் நெய்யாற்றின்கரை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு உரிமை கோரிய வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. இவ்வரலாற்றை அரசியல் நூல்கள் விரிவாகப் பேசியுள்ளன. நாம் ஈண்டுப் பேச விரும்புவதோ அவ்வட்டத்துத் தமிழ் வீடுகளின் பரண்களில் கிடக்கும், எந்த நூலகமும் பொருட்படுத்தாத, மலிவு விலைத் துப்பறியும் கதைகளைப் பற்றியது.

சில ஆண்டுகளாக அவற்றையும் அவற்றின் அட்டைப் படங்களையும் தேடித் தொகுத்து வருகின்றோம். கேட்போர் சிரிக்கின்றனர். சங்க நூலும் கம்பனும் இருக்கக் கொலைக் கதையா என்பது நண்பர் ஒருவரின் வினா. வினா நியாயமானதே. ஆயினும் ஒரு மொழி தன் பள்ளியை இழந்த ஊரில் எதனைப் பற்றிக்கொண்டு உயிர் வாழ்ந்தது என்று ஆராயப் புகுந்தால், நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் இவையும் அடங்கும். பக்திப் பாடல் நூல்களுக்கு அடுத்தபடியாக நாம் அப்பரண்களில் மிகுதியாகக் கண்டவை இவைதாம்.

இருமொழிகளிலும் இவ்விலக்கியம் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியது. மலையாளத்தில் அப்பன் தம்புரானின் ‘பாஸ்கர மேனோன்’ 1905இல் நூலாயிற்று. தமிழில் ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனை உலவவிட்டார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘திகம்பர சாமியார்’ 1950இல் திரைப்படமாகி, எம். என். நம்பியாருக்குப் பல வேடங்களைத் தந்தது. பின்னர் ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் பருகியபடியே குற்றவாளிகளைக் கண்டறிந்தார். 1968இல் சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ குமுதத்தில் வெளிவந்தது. எண்பதுகளில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைதோறும் கயிற்றில் தொங்கின. அக்கயிறு களியக்காவிளையோடு அறுந்துவிடவில்லை. சந்தைக்குப் போனவர் மீனோடும் வெற்றிலையோடும் ஒரு நாவலையும் பையில் வைத்து எல்லையைக் கடந்தார்.

மறுபுறம் கோட்டயம் புஷ்பநாத். வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி 2018இல் மறைந்த இவர், மார்க்சின், புஷ்பராஜ் என்னும் துப்பறிவாளர்களைப் படைத்து மலையாள வார இதழ்களை ஆண்டவர். இவருடைய கதைகள் தமிழிலும் பெயர்க்கப்பட்டன. எனவே எல்லை வீட்டில் ஒரே கதை இரண்டு எழுத்துகளில் இருக்கக்கூடும்; அப்படி ஓரிணை நம் கைக்கும் எட்டியது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

அட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். துப்பாக்கி ஏந்திய கை, பாதி இருளில் ஒரு முகம், அலறும் பெண், கதவிடுக்கில் விழும் மஞ்சள் ஒளி என்று பொருள்கள் சிலவே. ஆனால் அச்சிலவற்றை வைத்து ஓவியர்கள் மாதந்தோறும் புதுமை காட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனியே பிளாக் செய்து, தாளை மீண்டும் மீண்டும் பொறியில் செலுத்தி அச்சிட்ட காலத்தில், ஒரு வண்ணம் அரை நூல் விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நம்மிடமுள்ள ஒரு படத்தில் குருதித்துளி கத்தியை விட்டு விலகி வானத்தில் நிற்கின்றது! அதைப் பிழை என்று நாம் கழித்துவிடவில்லை. பின்னாளில் ஓவியத்தின் இடத்தைப் புகைப்படம் பிடித்துக்கொண்டது. எல்லா அட்டைகளும் ஒரே சாயல் கொண்டன என்பது நம் கருத்து.

இந்நூல்கள் பலவற்றில் பதிப்பாண்டு இல்லை. காலத்தை வேறு வழிகளால்தான் உய்த்துணர வேண்டும். துப்பறியும் நூலைத் துப்பறிவதில் ஓர் இன்பமும் உண்டு. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் அது 1957இல் நயாபைசா வருவதற்கு முந்தியது. பதிப்பக முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972க்குப் பிந்தியது. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் துதிக்கை வடிவ லை, ணை, னை ஆகியவை மெல்ல மறைந்தன. மலையாள எழுத்துச் சீர்திருத்தமோ 1971இலேயே வந்துவிட்டது. ஆகவே இரு குவியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவ்வீட்டில் எந்த ஆண்டுகளில் எம்மொழி வாங்கப்பட்டது என்பது ஓரளவு புலனாகும். நாம் பார்த்த வீடுகளில் தமிழ்க் குவியல் எண்பதுகளின் இறுதியில் மெலிந்து, பின் அடியோடு நின்றுபோகின்றது. பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படித்து வளர்ந்த காலம் அது.

நூல்களுக்குப் பகைவர் பலர். மலிவுத் தாள் தானே பழுத்து நொறுங்குகின்றது. கம்பித்தையல் துருவேறி நடுப்பக்கத்தைத் தின்கின்றது. எஞ்சியதை இராமபாணப் பூச்சி துளைக்கின்றது. நல்லெண்ணமும் ஒரு பகையே. வாடகை நூல்நிலையத்தார் நூல் நெடுநாள் உழைக்கவேண்டி, மேலட்டையைக் கிழித்தெறிந்து கனத்த அட்டை கட்டினர். கதை பிழைத்தது, ஓவியம் போயிற்று. இறுதியாக ஆக்கிரிக்கடை. நெய்யாற்றின்கரைப் பகுதியில் அத்தகைய கடையொன்றில் நாம் ஒருநாள் தாமதமாகச் சென்றதால் ஒரு மூட்டை எடைக்குப் போய்விட்டது. தவறு நம்முடையதே.

இத்தகைய வேலைக்கு முன்னோடி ஒருவர் உளர். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பிறர் ஒதுக்கிய அச்சுத்தாளையெல்லாம் வாழ்நாள் முழுதும் திரட்டி 1992இல் மறைந்தார். அவர் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. 2008இல் தமிழ்த் துப்பறியும் கதைகள் உள்ளிட்ட வெகுசனப் புனைவுகளை பிளாஃப்ட் பதிப்பகம் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபின், முன்பு சிரித்தவர்களும் சற்றே நிமிர்ந்து பார்த்தனர்.

2019இல் பாறசாலையை அடுத்த ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். எண்பது வயதைக் கடந்த பெரியவர் பரணிலிருந்து மூன்று கட்டுகளை இறக்கச் செய்தார். “இதெல்லாம் நான் போனா கடைக்குத்தான் மக்களே. பிள்ளையளுக்குத் தமிழு பேச வரும், வாசிக்கத் தெரியாது” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை; மழை வரும் என்பதுபோலச் சொன்னார். கடல்கடந்து வாழும் நம் குடும்பங்களில் நாம் கேட்கும் அதே சொற்கள்; அவரோ பிறந்த ஊரை விட்டு ஒரு கல்லும் நகராதவர்.

கட்டுகளுள் ஒன்றில் புஷ்பநாத்தின் கதையொன்று தமிழில் இருந்தது. கல்லூரியில் பயிலும் பேர்த்தி அட்டையைக் கண்டதும் உள்ளே ஓடி, அதே கதையின் மலையாளப் பதிப்பைக் கொண்டுவந்தாள். இரண்டையும் திண்ணையில் அருகருகே வைத்தோம். ஓவியர் வேறு, துப்பாக்கி மட்டும் இரண்டிலும் இடக்கையில் இருந்தது. பெரியவர் அதைக் கண்டு சிரித்தார். ணகரமும் வகரமும் இரண்டு எழுத்திலும் உடன்பிறந்தவை போலிருக்கும்; கதையின் பெயரோ அவளுக்கு முன்பே தெரியும். தமிழ்த் தலைப்பின்மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக அவள் சொல்லத் தொடங்கினாள். இரண்டிடத்தில் தவறினாள், பாட்டன் திருத்தினார். மற்ற இரண்டு கட்டுகளைத் தந்துவிட்டு, அந்த ஒரு கட்டை மட்டும் இருக்கட்டும் என்றார்.