பாடவாரி வகுப்புப் பிரிவு: ஒரு வரலாற்று நோக்கு

மாணாக்கரைப் பாடந்தோறும் அவரவர் திறமைக்கேற்ப வகுத்துக் கற்பித்தல் அண்மைக்காலப் புதுமையென்று கருதுவாருளர். அதன் வரலாறோ இரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அதன் ஊற்றுக்களிலொன்று தமிழர் திண்ணைப் பள்ளியிலேயே உள்ளது.

சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைச் சிறுவர்க்கென அமைந்த பள்ளியை 1789 இல் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் பாதிரியார், திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். மூத்தோரைக்கொண்டு இளையோர்க்குக் கற்பிக்கும் முறையொன்றைத் தம் பள்ளியிலும் அமைத்தார். அதுபற்றிய அவரது நூல் 1797 இல் இலண்டனில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டிலே தென்னிலண்டனில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கிய யோசேப்பு லங்காஸ்டர், நூற்றுக்கணக்கானோரை ஓராசிரியரும் பல சட்டாம்பிள்ளைகளுமாக நடத்திக் காட்டினார்.

அவர் செய்தவற்றுள் வாசிப்புக்கும் எண்கணிதத்துக்கும் வெவ்வேறு வகுப்புகள் வகுத்தமையே நம் கருத்தைக் கவர்வது. வாசிப்பில் மேல்வகுப்பினனாயிருந்தவன் கணக்கில் கீழ்வகுப்பினனாயிருத்தல் கூடும். ஒருவன் வகுப்பேறினால் அவனுக்கொரு பரிசு. அவனை ஏற்றிவிட்ட சட்டாம்பிள்ளைக்கும் அதே மதிப்புள்ள பரிசு. குற்றஞ்செய்தவனைக் கூடையிலிட்டுக் கூரையிலே தொங்கவிட்ட பள்ளியும் இதுவே! எனினும் ஒரு பிள்ளையின் திறமை ஒரே அளவினதன்று என்பதை அப்பள்ளி அறிந்திருந்தது.

1862 இன் திருத்தச் சட்டக்கோவை பெறுபேற்றுக்கேற்ற மானியத்தைப் புகுத்தியது. வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் என்னும் மூன்றினதும் பரீட்சைப் பெறுபேறு பாடசாலையின் வருமானத்தைத் தீர்மானித்தது. பிள்ளை ஒரு 'தரத்தின்' உறுப்பாயினான். 1931 இன் ஹடோ அறிக்கையோ, தொகை கூடிய ஆரம்ப பாடசாலைகளில் ஒரே வயதினரை எல்லாப் பாடங்களுக்குமாக ஏ, பி, சி எனப் பிரிப்பதற்கு ஆதரவளித்தது. அதன் விளைவை 1964 இல் டக்ளஸ் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று: எட்டு வயதுக்கும் பதினொன்றுக்குமிடையே மேற்பிரிவினர் முன்னேறினர், கீழ்ப்பிரிவினர் பின்னடைந்தனர். 1967 இல் பிளவுடன் அறிக்கை அப்பிரிவினையை ஆரம்ப பாடசாலைகளில் ஒழிக்கவேண்டுமென்றது.

1997 இன் அரசாங்க வெள்ளை அறிக்கை, இடைநிலைப் பாடசாலைகளிற் பாடவாரிப் பிரிப்பே வழமையாதல் வேண்டுமென்றது. லங்காஸ்டரிடம் மீண்டனர் என்று மகிழலாமோ? பிரித்தலை எடுத்துக்கொண்டவர்கள் ஏற்றிவிடுதலை எடுத்துக்கொண்டாரல்லர் என்பதே என் துணிபு. கணிதப் பொதுத் தராதரப் பரீட்சை மூன்று நிலை வினாத்தாள்களாக நடைபெற்ற காலத்தில், கீழ்ப்பிரிவினர்க்கு வழக்கமாகக் கிட்டியது அடிநிலைத் தாளே. அதிற் பெறக்கூடிய அதியுயர் பேறு 'டி'; மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் கேட்கப்பட்டதோ 'சி'.